ஸ்பூனில் இருக்கும் இரண்டு எழுத்து

அன்புள்ள அக்கா,

நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். போன சனிக்கிழமை கார்ல்ஸ்பிளாட்ஸ் பழைய பொருள் சந்தையில் பதினோரு காபி ஸ்பூன்கள் வாங்கினேன். ஆறில் பிறை, கிரீடம், 800 என்ற எண், ஒரு கழுகு. மற்ற ஐந்தில் வெல்னர் என்ற பெயரும் 90, 18 என்ற எண்களும். 90 என்றால் தொண்ணூறு சதவீத வெள்ளிதானே? எவ்வளவு பழையவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விலை போகுமா? அந்த ஆறு ஸ்பூன்களின் காம்பிலும் ஈ.ஆர். என்று பின்னல் எழுத்து வெட்டியிருக்கிறது. தங்கையின் கல்யாணத்துக்குக் கொடுக்க ஆசை. எழுத்தை அழித்துத் தர ஒரு கடையில் பேசி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் கொடுக்க வேண்டும்.

கா.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்துபோய் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அதைப் பற்றி அப்புறம்.

முதலில் அந்தத் தொண்ணூறு. அது சதவீதம் இல்லை. பன்னிரண்டு சாப்பாட்டு ஸ்பூன், பன்னிரண்டு முள்கரண்டி, இவ்வளவுக்கும் முலாம் பூச 90 கிராம் வெள்ளி என்று கணக்கு. பக்கத்தில் உள்ள 18, இந்தச் சின்ன ஸ்பூன் ஒரு டஜனுக்குப் போன வெள்ளி. ஆக ஒரு ஸ்பூனுக்கு ஒன்றரை கிராம். குழிவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், மேசையில் படுகிற இடம். முலாம் முதலில் தேய்வது அங்கேதான், உள்ளே இருக்கும் உலோகம் லேசான மஞ்சளாகத் தெரியும். அது பெரும்பாலும் அல்பாக்காவாக இருக்கும். செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை, நம் ஊரில் ‘ஜெர்மன் சில்வர்’ என்கிறோமே, அது. பெயரில்தான் வெள்ளி. 1823-ல் சாக்சனியில் ஷ்னேபெர்க் ஊர்க்காரரான கைட்னர் அதைச் செய்தார். வெல்னர் கம்பெனி இருந்த ஆவே அதற்குப் பக்கத்து ஊர்தான்.

ஆறு ஸ்பூன்கள் நிஜ வெள்ளி. ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. பிறையும் கிரீடமும் 1884-ல் போட்ட சட்டத்தின் முத்திரை, நடைமுறைக்கு வந்தது 1888 ஜனவரி 1. ஆகவே உங்களுடையவை அதற்குப் பிந்தியவை என்று வைத்துக்கொள்ளலாம். முந்தியவற்றில் ‘லோட்’ கணக்கு இருக்கும். 16 லோட் என்றால் சுத்த வெள்ளி, 12 என்றால் முக்கால் பங்கு. கூடவே ஊர் முத்திரையும் இருக்கும். ஆக்ஸ்பர்க் என்றால் பைன் மரக் காய். கழுகு, உங்களுக்குப் பக்கத்து ஊரான ஹைல்பிரோனின் புருக்மன் பட்டறையுடையதாக இருக்கலாம். படம் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். விலையை எடை போட்டு வாங்குகிறவர்களிடம் கேளுங்கள். எனக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லை.

எழுத்தை அழிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதிலே.

முத்திரை சொல்வது உலோகத்தைப் பற்றி. அதே கழுகும் பிறையும் ஆயிரக்கணக்கான ஸ்பூன்களில் இருக்கும். இந்த ஆறு யாருடைய கையில் இருந்தன என்று சொல்ல அந்த இரண்டு எழுத்தைத் தவிர வேறு நாதி கிடையாது. ஜெர்மனியில் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த வெள்ளியில், பெரும்பாலும் அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரின் எழுத்தைத்தான் வெட்டுவார்கள். புகுந்த வீட்டில் அவளுடைய பழைய பெயர் மிஞ்சியிருந்த இடமே அதுதான். என் அம்மாவின் சீர்ப் பாத்திரங்களில் தாத்தா பெயர் வெட்டியிருந்தது. அதை யாராவது ராவி எடுக்க வந்தால் விட்டிருப்போமா?

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், அந்த நாட்டில் இருக்கிறீர்கள். 1939 பிப்ரவரி 21-ல் நாஜி அரசு ஓர் ஆணை போட்டது. யூதர்கள் தங்களிடம் உள்ள தங்கம், வெள்ளி எல்லாவற்றையும் இரண்டு வாரத்துக்குள் அரசு அடகுக் கடைகளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். எதை வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார்கள். கல்யாண மோதிரம். அப்புறம் ஆளுக்கு இரண்டு செட்: கத்தி, முள்கரண்டி, ஸ்பூன், ஒரு சின்ன ஸ்பூன். காபி ஸ்பூனைக்கூட எண்ணியிருக்கிறார்கள், தம்பி! வாங்கியதில் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். கொஞ்சம் மியூனிக்கின் பவேரிய தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனது. அவர்கள் இப்போது அந்தப் பொருட்களை உரியவர்களின் பேரன் பேத்திகளைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அடகுக் கடையில் ஒட்டிய சின்ன எண் சீட்டு சில பொருட்களில் இன்னும் இருப்பதால்தான் அது முடிகிறது. யாராவது ஒருவர் சுத்தம் செய்கிறேன் என்று அதைக் கிழித்துப் போட்டிருந்தால்?

எல்லா ஈ.ஆரும் அப்படி வந்தது என்று நான் சொல்லவில்லை. பாட்டி போன பிறகு பேரன் விற்றதாகவே இருக்கலாம். ஆனால் எது எப்படி வந்தது என்று நமக்குத் தெரியாதபோது, தெரிந்துகொள்ள இருக்கும் ஒரே தடயத்தை அழிக்க நாம் யார்?

கோபமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நான் அதைச் செய்தவள். பிரேமனில் இருந்தபோது ஞாயிறு சந்தையில் இதேபோல் ஆறு ஸ்பூன் வாங்கினேன். காம்பில் எம்.ஹெச். வேறு யாருடைய பெயரோ என் வீட்டில் எதற்கு என்று ஒரு கடையில் கொடுத்து அழித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. கீழ் வீட்டு அம்மாவைக் காபிக்கு அழைத்திருந்தேன், எண்பது வயதிருக்கும். ஸ்பூனைக் கையில் எடுத்தவர் காம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நடுவில் சின்னதாக ஒரு பள்ளம். வாயருகே கொண்டுபோய் ஹா என்று ஊதி ஜன்னல் பக்கம் திருப்பினார். ஆவி படிந்த இடத்தில் எம் என்ற எழுத்து மெல்ல மேலே வந்தது. ஆவி காய்ந்ததும் போய்விட்டது. ஒன்றும் சொல்லாமல் ஸ்பூனைச் சாசரில் வைத்துவிட்டுக் காபியைக் கலக்காமலே குடித்தார்.

இழுப்பறையிலிருந்து எடுத்தது அந்த ஸ்பூனைத்தான். இப்போதும் ஊதிப் பார்த்தேன். எம் தெரிகிறது. ஹெச்சில் ஒரு கோடு மட்டும்.

அதனால் அந்தக் கடைக்குப் போகாதீர்கள். தங்கைக்கு அப்படியே கொடுங்கள், ஈ.ஆர். யாராக இருக்கலாம் என்று பேசிக்கொண்டே காபி குடிக்கட்டும். வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் மெல்லிய துணியும் போதும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் மட்டும் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விற்றவர் வருகிற சனிக்கிழமையும் அங்கே உட்கார்ந்திருப்பார் இல்லையா? எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.