பலர் தொடும் கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: கேள்வி-பதில்

கேள்வி: வீட்டில் ஒரே ஒரு மடிக்கணினிதான் இருக்கிறது. அப்பா விண்டோஸில் கடைக் கணக்கு எழுதுகிறார். எனக்குக் கல்லூரிப் பாடத்துக்கு உபுண்டு லினக்ஸ் வேண்டும். அவருடைய கணக்குக்குச் சேதம் வராமல் நிறுவ முடியுமா?

பதில்: முடியும். ஆனால் நிறுவுவதற்கு ஆகும் நேரத்தைவிட, அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளுக்குத்தான் அதிக நேரம் ஆகும். கணக்குக் கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்து, அந்த நகல் வேறொரு கணினியில் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அடுத்தது பிட்லாக்கர், அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி வட்டை மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யும் விண்டோஸ் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக அமைத்த விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், உரிமையாளருக்கே தெரியாமல் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் காவல்) அமைப்பையோ, கணினி எதிலிருந்து தொடங்குவது என்ற பூட் வரிசையையோ மாற்றினால் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி அப்பாவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் அவருக்கே நினைவிருக்காது. ஆகவே சாவியை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு மற்ற வேலையைத் தொடங்குங்கள். லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைக் கொண்டே சுருக்கி எடுங்கள். பாட வேலைக்கு 50 ஜிபி தாராளம். உபுண்டுவின் நிறுவல் நிரல் கேட்கும்போது, முழு வட்டையும் அழிக்கும் தெரிவின் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: லினக்ஸிலிருந்து டி டிரைவைத் திறந்தால் கோப்புகளைப் படிக்க மட்டுமே முடிகிறது, எதையும் சேமிக்க முடியவில்லை. வட்டு பழுதாகிவிட்டதா?

பதில்: பெரும்பாலும் வட்டில் பழுது இருக்காது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுவதுமாக அணைவதில்லை; தன் உட்கருவின் (கெர்னல்) நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு உறங்கப் போகிறது. அந்த நிலையில் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளைச் சேமிக்கும் வடிவம்) பகுதியில் லினக்ஸ் எழுதினால், விழித்தெழும் விண்டோஸ் பழைய நினைவோடு அதன்மேல் எழுதிக் கோப்புகளைச் சிதைத்துவிடும் என்பதால்தான் லினக்ஸ் கை வைக்க மறுக்கிறது. கட்டாயப்படுத்தி எழுதவைக்கும் குறுக்குவழிகளைப் பலர் சொல்வார்கள். பொதுக் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போய், பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் முன்னுள்ள குறியை எடுத்துவிட்டு, ஒருமுறை முழுமையாக அணைத்துத் திறங்கள். விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு எதுவும் வந்தால் அந்தக் குறியை மறுபடி பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கிறதே?

பதில்: தாய்ப்பலகையிலுள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்கின்றன. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையின் செட்-லோக்கல்-ஆர்டிசி தெரிவுக்கு 1 என்று கொடுத்தால் (timedatectl set-local-rtc 1) இரண்டும் ஒத்துப்போகும். அதன்பின் லினக்ஸ் ஓர் எச்சரிக்கையைக் காட்டும். கோடைக்கால நேரமாற்றம் இல்லாத இந்தியாவில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

கேள்வி: பள்ளிக் கணினி ஆய்வகத்தில் இரண்டையும் நிறுவியிருக்கிறோம். கணினியைத் திறந்தவுடன் வரும் பட்டியலில் லினக்ஸ் முதலில் நிற்பதால் மற்ற ஆசிரியர்கள் தடுமாறுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பட்டியலைக் காட்டும் கிரப் என்ற நிரலின் அமைப்புக் கோப்பில் விண்டோஸை இயல்புத் தெரிவாக மாற்றலாம், அப்படிச் செய்தால் வரிசை எண்ணால் குறிக்காமல் பெயரால் குறியுங்கள், ஏனெனில் பட்டியல் மாறும்போது எண்ணும் மாறிவிடும். ஆனால் என் விருப்பம் வேறு. யூஇஎஃப்ஐ (கணினியைத் திறந்ததும் முதலில் இயங்கும் தாய்ப்பலகை மென்பொருள்) அமைப்பில் விண்டோஸ் பூட் மேனேஜரையே முதலிடத்தில் வைத்துவிட்டால், லினக்ஸ் பக்கமே வராதவர்களுக்கு எதுவும் மாறியதாகத் தோன்றாது. லினக்ஸ் வேண்டியவர்கள் கணினியைத் திறந்தவுடன் பூட் விசையை (டெல், லெனோவோ கணினிகள் பலவற்றில் எஃப்12, எச்பியில் எஃப்9) அழுத்தி நுழையலாம். ஒன்றை மறக்காதீர்கள்: கிரப் பட்டியலில் ஈ விசையை அழுத்தும் மாணவர் தொடக்க வரியைத் திருத்தி, கடவுச்சொல் இல்லாமலே நிர்வாகியாக நுழைந்துவிட முடியும். கிரப்புக்கும் யூஇஎஃப்ஐ அமைப்புக்கும் கடவுச்சொல் வையுங்கள்.

கேள்வி: விண்டோஸில் என் கணக்குக்குக் கடவுச்சொல் இருக்கிறது. தம்பி லினக்ஸில் நுழைந்தால் என் கோப்புகளைப் பார்க்க முடியுமா?

பதில்: வட்டு மறையாக்கம் செய்யப்படவில்லை என்றால், முடியும். உங்கள் கடவுச்சொல் விண்டோஸ் இயங்கும்போது மட்டுமே காவல் நிற்கிறது. லினக்ஸுக்கு உங்கள் படங்களும் கடிதங்களும் வட்டில் கிடக்கும் மற்றுமொரு கோப்புறைதான். லினக்ஸை நிறுவாமல், ஒரு லைவ் பென் டிரைவைச் செருகினாலே இது நடக்கும் என்பதால் இதற்கு இரட்டை நிறுவலைக் குறை சொல்வதில் பயனில்லை. விண்டோஸ் பகுதியில் பிட்லாக்கரையும், லினக்ஸ் நிறுவும்போது லக்ஸ் மறையாக்கத்தையும் தேர்ந்தெடுங்கள். இருவருக்கும் பொதுவான கோப்புகளை மட்டும் மறையாக்கம் இல்லாத தனிப் பகுதியில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அக்காவுக்கு அரசு தந்த பழைய மடிக்கணினியில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருக்கிறது. அந்தப் பகுதியை அழித்து இடத்தை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அழிப்பதற்கு முன் பூட் லோடரை (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்; இங்கே அது கிரப்) சரிசெய்யுங்கள். யூஇஎஃப்ஐக்கு முந்தைய பழைய பயாஸ் முறையில் இயங்கும் கணினியில் லினக்ஸ் பகுதியை நேரடியாக அழித்தால், கிரப் தன் மீதிக் கோப்புகளைத் தேடிக் காணாமல், 'கிரப் ரெஸ்க்யூ' என்ற கறுப்புத் திரையில் நின்றுவிடும். விண்டோஸ் உள்ளே பத்திரமாக இருந்தும் திறக்காது. விண்டோஸ் நிறுவல் வட்டிலிருந்து பழுதுநீக்கும் பகுதிக்குச் சென்று, பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் தெரிவோடு (bootrec /fixmbr) இயக்கி, விண்டோஸ் நேரடியாகத் திறக்கிறது என்று கண்டபின் பகுதியை அழியுங்கள்.