பெரிய நீதிபதிகளின் தீர்ப்புகள் இருக்கும்போது அவர்களுடைய சொந்தக் கடிதங்களை எதற்குப் படிக்க வேண்டும்?

சட்டம் படித்தவர்களுக்கு ஜான் மார்ஷலைத் தெரிந்திருக்கும். 1801 முதல் 1835 வரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. அரசியலமைப்புக்கு முரணான சட்டம் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என நிலைநாட்டிய மார்பரி எதிர் மாடிசன் தீர்ப்பு இவருடையது. தேதி 1803 பிப்ரவரி 24. தேர்வுக்காக நானும் உருப்போட்டிருக்கிறேன். ஆனால் அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது, அதற்கு ஏழெட்டு வாரம் முன்பு மனைவிக்கு அவர் எழுதிய ஒரு கடிதத்தைப் படித்த பிறகுதான்.

அந்தக் காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஆளுக்கொரு வட்டாரம் உண்டு. அங்கே நேரில் போய் வழக்கு விசாரிக்க வேண்டும். மார்ஷலுக்கு வர்ஜீனியாவும் வட கரோலினாவும். அப்படிப் போன இடத்தில், ராலே நகரிலிருந்து ஜனவரி 2 அன்று மனைவி பாலிக்கு எழுதுகிறார். சட்டைப்பையில் வைத்திருந்த 15 வெள்ளி டாலரைக் காணோம். பலமுறை தைத்த பையை ஓட்டை போட்டுக்கொண்டு, கரோலினா மணலில் விடுதலை தேடிப் போய்விட்டனவாம். சரி, போனது போகட்டும் என்று நீதிமன்றத்துக்கு உடுத்தக் கிளம்பினால், கூட வந்திருந்த பீட்டர் பெட்டியைக் குடைந்து குடைந்து பார்த்துவிட்டு வியர்த்து விறுவிறுத்து நிற்கிறான். கால்சட்டையை எடுத்து வைக்கவே இல்லை! ஒருநாள் மட்டும் 'சான்கியூலோத்' ஆக இருந்தால் போதும் என்று நினைத்தாராம். பிரெஞ்சுப் புரட்சியின் சாமானியர்களுக்கு அந்தப் பெயர். சொல்லுக்கு நேர்ப்பொருள் அரைக்கால்சட்டை இல்லாதவர். ஆனால் ஊரில் ஒரு தையல்காரருக்கும் நேரமில்லை. அமர்வு முழுவதும் அந்த உடை இல்லாமலேதான் ஒப்பேற்ற வேண்டியதாயிற்று.

சிரித்துவிட்டு இன்னொன்றையும் கவனியுங்கள். பீட்டர் அவர் வீட்டு அடிமை. எஜமானின் நகைச்சுவையில் மட்டும்தான் அவனை நாம் பார்க்கிறோம்.

மறுநாள் ஜனவரி 3, அவர்களுடைய இருபதாவது திருமண நாள். 1783இல் கல்யாணமானபோது பாலிக்கு 16 வயது. பத்துப் பிள்ளைகள் பெற்றார், ஆறு பேர்தான் பிழைத்து வளர்ந்தார்கள். நரம்புத் தளர்ச்சி, மனச்சோர்வு என்று பாலிக்கு வாழ்நாள் முழுக்க உபாதை. சின்னச் சத்தம்கூட ஆகாது. கால்சட்டைக் கதையை இத்தனை இழுத்துச் சொன்னது எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பாலியை எப்படியாவது சிரிக்க வைக்க வேண்டும். 1824இல் வாஷிங்டனில் விழுந்து தோள்பட்டை நழுவிக் கிடந்தபோதும் இதே கதைதான். வலியைப் பற்றிப் பெரிதாகப் பேசாமல், முதன்முதலாகச் சந்தித்த நடன விருந்து, சின்னச் சின்ன ஊடல்கள், வேறொருவர் பாலியைச் சுற்றி வந்தபோது தனக்கு எப்படி இருந்தது, பாலியின் கூந்தல் சுருள் என்று நாற்பது வருடப் பழைய கதைகளை நினைத்தே பொழுதைப் போக்குகிறேன் என்று எழுதுகிறார். அப்போது அவருக்கு வயது 68!

சக நீதிபதி ஜோசஃப் ஸ்டோரிக்கு எழுதும்போது ஆள் வேறு. ஸ்டோரி 24 வயது இளையவர், மாசசூசெட்ஸ்காரர். அமர்வு நடக்கும்போது வாஷிங்டனில் நீதிபதிகள் ஒரே விடுதியில் தங்கிப் பேசிக்கொள்வார்கள். மற்ற மாதங்களில் கடிதம்தான். தன் வாழ்க்கைக் கதையைக்கூட மார்ஷல் 1827இல் ஸ்டோரிக்குக் கடிதமாகத்தான் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு எழுதாத பயமெல்லாம் இங்கே வருகிறது. 1832 செப்டம்பரில், நம் அரசியலமைப்பு நீடிக்காது என்ற முடிவுக்கு மெல்ல மெல்ல, மனமில்லாமல் வந்துகொண்டிருக்கிறேன் என்று எழுதினார். இதுவரை அமெரிக்க மாநிலங்களின் ஒன்றியம் பிழைத்ததே அற்புதங்களால்தான், இனியும் அவை தொடரும் என்று தோன்றவில்லை என்றார். முப்பது வருடமாக அதே அரசியலமைப்புக்குத் தீர்ப்புகளில் அத்தனை உறுதியாகப் பொருள் சொன்ன மனிதர் இவர். தீர்ப்பை மட்டும் படித்தால் இந்த நடுக்கம் உங்கள் கண்ணில் படவே படாது.

அதை எழுதியபோது பாலி உயிரோடு இல்லை. 1831 டிசம்பர் 25 அன்று இறந்துவிட்டார். சரியாக ஒரு வருடம் கழித்து அதே நாளில் மார்ஷல் பாலியைப் பற்றி எழுத உட்கார்ந்தார். அது யாருக்கும் அனுப்ப எழுதியதல்ல.