சேலத்து வெயிலில் வீட்டு பியர்: எந்த வகை, எந்த வெப்பநிலை?

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் வீட்டிலேயே பொன்னிற பில்ஸ்னர், கறுத்த ஸ்டவுட், கோதுமை பியர் என்று வகைவகையாகத் தயாரிப்பதைப் பார்த்து, சேலத்தில் இருந்துகொண்டு இந்தப் பொழுதுபோக்கில் இறங்க முடியுமா, இறங்கினால் எந்த வகையில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சேலத்துக்காரன். இங்கிலாந்தின் டெர்பி நகரில் வேலை பார்த்த ஆண்டுகளில் இதில் ஆழ்ந்து ஈடுபட்டேன். இப்போது ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். ஆகவே இரண்டு ஊர்களையும் மனத்தில் வைத்துப் பதில் சொல்கிறேன்.

முதலில் சட்டம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பியர் தயாரிப்பது குற்றம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் மது என்று குறிப்பிடுபவற்றில் பியரும் அடங்கும். விற்கவில்லை, நானே குடிக்கத்தான் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. இந்தச் சட்டத்துக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ராஜாஜியின் அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். அதனால் ஏற்பட்ட வருவாய் இழப்பை ஈடுகட்டவே 1939இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி வந்தது. இன்று தெருவுக்குத் தெரு டாஸ்மாக் கடை இருந்தாலும் அங்கே வாங்குவதற்குத்தான் அனுமதி, வீட்டில் தயாரிப்பதற்கு இல்லை. 2024இல் தண்டனைகள் இன்னும் கடுமையாக்கப்பட்டன. இங்கிலாந்திலும்கூட 1963 வரை வீட்டில் பியர் தயாரிக்க உரிமம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1978இல்தான் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு வழிவிட்டது. நம் மாநிலத்தில் அப்படி ஒரு மாற்றம் வரும்வரை, நொதிக்க வைக்கும் கட்டத்தைச் சேலத்தில் செய்யாதீர்கள். அதற்கு முந்தைய கட்டங்களைத் தாராளமாகச் செய்து பழகலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

செய்முறை சுருக்கமாக இதுதான். பார்லியை முளைகட்டி உலர்த்தினால் அது மால்ட். அதை ஒன்றிரண்டாக உடைத்து, ஏறக்குறைய 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால், முளைக்கும்போது தானியத்தில் உருவான என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. வடிகட்டிய இனிப்புச் சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, தொடக்கத்திலேயே ஹாப்ஸ் பூவைப் போட்டால் கசப்பும், கடைசி நிமிடங்களில் போட்டால் மணமும் இறங்கும். பிறகு வேகமாக ஆற வைத்து, கிருமி நீக்கிய பாத்திரத்துக்கு மாற்றி ஈஸ்ட் சேர்க்க வேண்டும். 20 லிட்டருக்கு 4 கிலோ மால்ட் எடுத்தால் சாற்றின் அடர்த்தி ஹைட்ரோமீட்டரில் 1.042 அளவில் நிற்கும். நொதித்து முடிந்ததும் 1.010க்கு இறங்கும், இந்த வேறுபாட்டை 131 ஆல் பெருக்கினால் ஆல்கஹால் ஏறக்குறைய 4.2 சதவீதம் என்று தெரிந்துவிடும். புட்டியில் அடைக்கும்போது லிட்டருக்கு 5, 6 கிராம் சர்க்கரை சேர்த்தால் மீதமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று நுரைக்கத் தேவையான வாயுவைத் தரும். ஆறிய சாற்றைத் தொடும் ஒவ்வொரு பொருளும், கரண்டி முதல் குழாய் வரை, கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும். இதில் சலுகையே கிடையாது.

இந்த முறை எல்லா வகைகளுக்கும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியானால் வகைகள் எங்கே பிரிகின்றன? மால்ட்டின் நிறத்தைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். என் அனுபவத்தில் அதைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை ஈஸ்ட், வெப்பநிலை, தண்ணீர் என்ற மூன்றும். அவற்றிலும் வெப்பநிலைக்கே நான் முதலிடம் தருவேன்.

இதை எனக்குத் தெளிவாகப் புரிய வைத்தது ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் தொட்டி. தோல் நீக்கிய அரபிகாக் கொட்டைகளைச் சுற்றியிருக்கும் வழவழப்பான சதை போக, அவற்றைத் தொட்டியில் குவித்து நொதிக்க விடுவார்கள். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அவ்வப்போது ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. கூழாங்கல்லைப் போல நறநறவென்று உரசினால் உடனே கழுவ வேண்டும். வழக்கமாக ஒரு நாளிலிருந்து ஒன்றரை நாளில் ஆகிவிடும் வேலை, குளிர் கூடிய நாள்களில் இன்னும் இழுக்கும் என்றார். அதே தோட்டம், அதே பழம். சில டிகிரி வேறுபாட்டில் நேரம் மாறுகிறது, கவனிக்கத் தவறினால் சுவையும் மாறிவிடுகிறது. பியரிலும் நடப்பது இதுவே. சில டிகிரி மாறினால் அங்கே வகையே மாறிவிடும்.

பியரின் இரண்டு பெரிய இனங்கள் லாகரும் ஏலும். லாகர் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரியில் மெதுவாக வேலை செய்யும். பிறகு உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் வைத்திருந்தால்தான் அந்தத் தெளிந்த, சுத்தமான சுவை வரும். நாம் கடையில் பார்க்கும் பியர் பெரும்பாலும் இந்த இனம்தான். ஏல் ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில் ஒரு வாரத்தில் முடித்துவிடும். பழ மணம் சற்றுத் தூக்கலாக இருக்கும். தெற்கு ஜெர்மனியின் கோதுமை பியருக்கான ஈஸ்ட்டைக் கவனியுங்கள்: 17, 18 டிகிரியில் கிராம்பு மணம் முன்னால் நிற்கும், அதே சாற்றை 23, 24 டிகிரியில் வைத்தால் நல்ல பழுத்த வாழைப்பழ மணம் எழும். கிராம்பும் கிடையாது, வாழைப்பழமும் கிடையாது; அத்தனையும் ஈஸ்ட் உண்டாக்கும் சேர்மங்கள். முதல் முறை முகர்ந்தபோது நான் வியந்துபோனேன்; இன்றும் அந்த வியப்பு குறையவில்லை.

இப்போது சேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடுகிறது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை இரவிலும் 30க்குக் கீழே வருவதில்லை. நொதிக்கும்போது சாறு தானாகவே மேலும் சில டிகிரி சூடேறும். இந்த வெப்பத்தில் சாதாரண ஏல் ஈஸ்ட் கனமான ஆல்கஹால்களை உண்டாக்கிவிடும். தின்னர் போன்ற நெடியும் மறுநாள் தலைவலியும்தான் மிஞ்சும். இத்தகைய ஊருக்குப் பொருந்துவது பெல்ஜியத்தின் பண்ணை வீட்டு பியரான சேசனும், நார்வேயின் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டுவந்த க்வைக் ஈஸ்ட்டும். க்வைக் 30 முதல் 40 டிகிரி வரை நெடி ஏதும் இல்லாமல் வேலை செய்யும். பனி பொழியும் நாட்டில் பிறந்த ஈஸ்ட் நம் சித்திரைக்குப் பொருந்துவது எனக்குப் பிடித்த செய்திகளில் ஒன்று. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டிலோ மார்கழி இரவுகள் 15 டிகிரிக்கும் கீழே போகும். அது ஏலுக்குக் குளிர், லாகருக்குச் சற்றே சூடு. அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு: அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஹாப்ஸின் ஆல்ஃபா அமிலங்கள் கசப்பாக உருமாற வெப்பம் வேண்டும் என்பதால், அதே கசப்புக்குக் கூடுதல் ஹாப்ஸோ கூடுதல் நேரமோ தேவைப்படும். ஏற்காட்டில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தண்ணீரைப் பற்றி டெர்பியில் இருந்ததால் நிறைய தெரிந்துகொண்டேன். பக்கத்து ஊரான பர்ட்டனின் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. அதிலுள்ள சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கிக் காட்டும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கப்பலேறிய வெளிர் ஏலுக்கு அந்த ஊர் பேர்போனது அதனால்தான். செக் நாட்டின் பில்சன் நகரத்து நீரில் உப்புகளே மிகக் குறைவு. 1842இல் யோசஃப் கிரோல் அங்கே தயாரித்த பொன்னிற லாகர்தான் பில்ஸ்னர். டப்ளின் நீரில் பைகார்பனேட் அதிகம். கருக வறுத்த பார்லியின் அமிலத்தன்மை அதைச் சமன்செய்வதால் கறுத்த ஸ்டவுட் அங்கே சிறந்தது. அடுப்பங்கரையில் தயாரிப்பவர்கள் உப்பில்லாத நீரை எடுத்துக்கொண்டு, கிராம் கணக்கில் ஜிப்சமோ கால்சியம் குளோரைடோ சேர்த்து வேண்டிய ஊரின் நீரை உருவாக்கிக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் போர் தண்ணீரைச் சுட வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கடின நீரை அப்படியே எடுத்தால் ஸ்டவுட் ஓரளவு தேறும், பில்ஸ்னர் தேறாது. மேட்டூர்த் தண்ணீர் அதைவிட மென்மையானது. ஆனால் குழாயில் வரும்போது குளோரின் கலந்திருக்கும், அதை நீக்காவிட்டால் பியரில் மருந்து வாடை அடிக்கும்.

கள்ளச்சாராயச் சாவுகளை நினைத்துப் பலர் அஞ்சுவார்கள். 2024இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் அருகிலிருந்து பார்த்தோம். பாதிக்கப்பட்டவர்கள் நம் சேலம் அரசு மருத்துவமனைக்கும் கொண்டுவரப்பட்டார்கள். அந்தச் சாவுகளுக்குக் காரணம் சாராயத்தில் கலக்கப்பட்ட மெத்தனால். பார்லிச் சாற்றை ஈஸ்ட் நொதிக்க வைக்கும்போது ஆபத்தான அளவில் மெத்தனால் உருவாவதில்லை. இருந்தாலும் பியரும் மதுதான். அளவு மீறினால் அதற்குரிய கேடுகள் எல்லாம் உண்டு.

சரி, சேலத்தில் சட்டப்படி என்ன செய்யலாம்? மால்ட் செய்யலாம். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் விசாரித்து உமி நீக்காத முழுப் பார்லி வாங்குங்கள். கஞ்சிக்கு விற்கும் தீட்டிய பார்லி முளைக்காது. இரவு ஊற வைத்து, நீரை மாற்றி, ஈரத்துணியில் பரப்பி, உமிக்குள் வளரும் முளை தானியத்தின் நீளத்தில் முக்கால் பங்கு வரும்போது வெயிலில் காய வையுங்கள். பூஞ்சை வாடை வந்தால் எடுத்துக் கொட்டிவிடுங்கள். காய்ந்ததைத் தேய்த்து வேர்களை உதிர்த்து, ஒரு பங்கை அப்படியே வைத்துக்கொண்டு, மறு பங்கை வாணலியில் செந்நிறம் வரும்வரை வறுத்தால், வெளிர் ஏலுக்கும் கறுத்த பியருக்கும் அடிப்படையான சுவை வேறுபாடு வாயிலேயே தெரிந்துவிடும்.

வெளிர் மால்ட்டை உடைத்து 65 டிகிரி நீரில் ஊற வையுங்கள். தொடக்கத்தில் ஒரு சொட்டைத் தட்டில் விட்டு அயோடின் சேர்த்தால் கருநீலமாகும். ஒரு மணி நேரம் கழித்துச் செய்தால் பழுப்பாகவே நிற்கும். மாவு முழுவதும் சர்க்கரையாகிவிட்டது என்று பொருள். அந்தத் தட்டை வாயில் வைக்காமல் கழுவிவிடுங்கள். 63 டிகிரியில் ஒரு முறையும் 69 டிகிரியில் ஒரு முறையும் செய்து பார்த்தால் சாற்றின் இனிப்பு மாறுவதை உணர்வீர்கள். வடிகட்டிக் கொதிக்க வைத்து, பாலும் ஏலக்காயும் சேர்த்துக் குழந்தைகளுக்கும் கொடுக்கலாம். அன்றே குடித்துவிடுங்கள், நம் ஊர் வெப்பத்தில் மறுநாள் தானாகவே நொதிக்கத் தொடங்கிவிடும்.

வகைகளை ருசித்துப் பழகப் பெங்களூரு பக்கம்தான்; அங்கே உரிமம் பெற்ற சிறு பியர் ஆலைகள் பல உள்ளன. தயாரிப்பவரிடம் எத்தனை டிகிரியில் நொதிக்க வைத்தீர்கள் என்று கேளுங்கள், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

சட்டம் அனுமதிக்கும் நாட்டுக்குச் சென்று வாழும் வாய்ப்புக் கிடைத்தால், ஆங்கிலேய வெளிர் ஏலில் தொடங்குங்கள். அதற்குக் குளிர்சாதனம் வேண்டாம், மூன்று நான்கு வாரங்களில் குடிக்கும் பதத்துக்கு வந்துவிடும். லாகரைத் தொடாதீர்கள், அதன் தெளிந்த சுவையில் சிறு குறையும் மறையாது. முதல் பியர் கைவந்த பிறகு, ஒரே சாற்றை இரண்டு பாத்திரங்களில் பிரித்து ஒன்றில் ஆங்கிலேய ஈஸ்ட்டையும் மற்றொன்றில் கோதுமை பியர் ஈஸ்ட்டையும் சேர்த்து, இரண்டையும் அருகருகே வைத்துக் குடித்துப் பாருங்கள்.