கோத்தகிரியில் ஆளி விதைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம், தேயிலையை ஒட்டி எங்களுக்கு 5 சென்ட் காய்கறி நிலம் இருக்கிறது. அம்மாவுக்கு 68 வயது. மலச்சிக்கலும் கொலஸ்ட்ராலும் உண்டு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கு ஆளி விதை கொடுக்கலாமா? அதை இங்கேயே பயிரிட முடியுமா? கடையில் வாங்கியதை ஊறவைத்தால் கொழகொழவென்று ஆகிறது, மென்றால் காரம் அடிக்கிறது. பழைய ஜன்னல்களுக்கு இந்த எண்ணெயைப் பூசலாம் என்கிறார்கள், அது சரியா?

பதில்: காரம் அடிக்கிறது என்று எழுதினீர்களே, நல்லதாயிற்று. உங்களிடம் இருப்பது நீங்கள் தேடும் ஆளி அல்ல. நாட்டு மருந்துக் கடைகளில் இரண்டு வேறு விதைகளுக்கு ஆளி விதை என்ற ஒரே பெயர் புழங்குகிறது. ஒன்று ஹலீம் விதை. பொடிப்பொடியாக, செங்கல் நிறத்தில், சற்று நீண்டு இருக்கும். கடுகுக் குடும்பம் என்பதால்தான் அந்தக் காரம். மகாராஷ்டிரத்தில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு இதில் லட்டு செய்து கொடுப்பார்கள். நல்ல விதைதான், ஆனால் வேறு செடி. நீங்கள் கேட்கும் ஆளி தட்டையாக, வழவழவென்று, எள்ளைவிடப் பெரிதாக இருக்கும். பழுப்பிலும் மஞ்சளிலும் கிடைக்கும். மென்றால் கொட்டைப் பருப்பு ருசி வரும், காரம் துளியும் இருக்காது. ஊறினால் இதுவும் கொழகொழக்கும், அதனால் அதை வைத்து அடையாளம் பார்க்காதீர்கள். கடையில் கேட்டும் குழப்பம் தீராவிட்டால் 'பிளாக்ஸ் சீட்' என்று கேளுங்கள்.

இனி பயிர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் பக்கம் அக்டோபர், நவம்பரில் விதைப்பார்கள். அந்தத் தேதியைக் கோத்தகிரிக்குக் கொண்டுவராதீர்கள். நமக்கு அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை. ஆளிக்கு வேரில் நீர் நின்றால் வாடல் நோய் வந்துவிடும். மழை ஓய்ந்து டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ விதைத்தால், ஏறத்தாழ 4 மாதத்தில், தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் அறுத்துவிடலாம். உறைபனி இறங்கும் பள்ளத்தை விட்டுவிட்டு வெயில் படும் சரிவைத் தேர்ந்தெடுங்கள். தேயிலை மண்ணின் புளிப்பு ஆளிக்கு அதிகம். மண்ணைப் பரிசோதித்து, சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்பு சேருங்கள். முதல் வருடம் 1 சென்ட் போதும். 100 கிராம் விதை எடுத்து, ஒரு அடி இடைவெளியில் வரிசை போட்டு, 2 சென்டிமீட்டர் ஆழத்தில் தூவுங்கள். இளம்பயிர் களையோடு போட்டி போடாது, அதனால் முதல் ஒரு மாதம் கைக்களை அவசியம். தொழு உரத்தை அள்ளிப் போட்டால் செடி கொழுத்துச் சாய்ந்துவிடும். நீலப் பூக்கள் காலையில் விரிந்து மதியத்துக்குள் இதழை உதிர்த்துவிடும். தோட்டத்தை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள், அந்த நீலத்துக்காகவே இன்னொரு முறை விதைப்பீர்கள். காய் பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும்போது பிடுங்கிக் காயவைத்துத் தட்டுங்கள். 2 கிலோ கிடைத்தால் திருப்திதான்.

லினன் துணி இந்தச் செடியின் தண்டு நாரில் வருவதுதான். ஆனால் நாருக்கென்றே உயரமாக, கிளை இல்லாமல் வளரும் ரகங்கள் தனியாக உண்டு. விதை ரகத்தில் அதை முயல வேண்டாம்.

அம்மாவுக்குக் கொடுக்கும் முன் மாத்திரை எழுதிய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆளிக்கு இரத்தம் உறைவதைச் சற்றுக் குறைக்கும் தன்மை இருப்பதால் அவரிடம் சொல்வதைத் தள்ளிப்போட வேண்டாம். அவர் சம்மதித்தால் தினமும் ஒரு தேக்கரண்டி பொடியில் தொடங்கி, ஒத்துக்கொண்டால் மெல்லக் கூட்டலாம். முழு விதையாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும், பொடித்தால்தான் உள்ளிருக்கும் எண்ணெய் உடம்பில் சேரும். விதையில் சுமார் 40 சதவீதம் எண்ணெய், அதில் பாதிக்கு மேல் ஒமேகா-3. மலச்சிக்கலுக்கு உதவுவது அந்தக் கொழகொழப்பும் நாரும்தான். அதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குடிக்காமல் ஆளி மட்டும் சாப்பிட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும். நம் குளிரில் வயதானவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை, அதனால் பொடியோடு ஒரு பெரிய டம்ளர் வெந்நீரை நீங்களே பக்கத்தில் நின்று கொடுங்கள். மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கொலஸ்ட்ரால் சற்றுக் குறையலாம், அதற்காக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடக் கூடாது.

வட கர்நாடகத்தில் இதை அகசெ சட்னிப் பொடி என்று ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வார்கள். நாம் இட்லிப் பொடியாகவே செய்யலாம். இளந்தீயில் வறுத்து, மிளகாய், பூண்டு, கறிவேப்பிலை சேர்த்து அரைத்தால் போதும். ஒரு வாரத்துக்கு மட்டும் அரைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். சிக்கு வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். சமையலுக்குரிய ஆளி எண்ணெயைக்கூட அடுப்பில் காய்ச்சக் கூடாது.

ஜன்னல் எண்ணெய் விஷயம் சரிதான். காற்றுப் பட்டால் இறுகிப் படலமாகும் எண்ணெய் அது. சுண்ணாம்புக்கட்டிப் பொடியோடு பிசைந்தால் கண்ணாடி பதிக்கும் 'புட்டி' பசை கிடைக்கும். ஹார்டுவேர் கடை எண்ணெய் சாப்பிடுவதற்கு அல்ல, சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மழைக்காலத்தில் பூசினால் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். பிப்ரவரி, மார்ச் வெயிலில் மெல்லிசாகப் பூசி, மீதியைத் துடைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பின் அடுத்த பூச்சு கொடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி எடுத்து, வெளியே விரித்துக் காயவைத்த பிறகு குப்பையில் போடுங்கள்.