விடைக்கோழிகளைக் கம்புக்கும் முட்டைப் பெட்டிக்கும் பழக்குவது எப்படி?

கேள்வி: பண்ணையிலிருந்து வாங்கிய 12 நாட்டுக்கோழி விடைகள் (முட்டையிடும் பருவத்தை எட்டும் இளம் பெட்டைக்கோழிகள்) இரவில் கம்பில் ஏறாமல் முட்டைப் பெட்டிக்குள் அடைகின்றன. முட்டையிடத் தொடங்கிய இரண்டும் கொட்டகையின் மூலையில், தரையிலேயே இடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உறங்கும் இடத்தைச் சரிசெய்யுங்கள். இரவு முழுவதும் எச்சமிட்டு அழுக்கான பெட்டியில் முட்டை சுத்தமாக இருக்காது. கம்பில் ஏறி இறங்கத் தெரியாத விடை, தரையைவிட உயரத்தில் இருக்கும் பெட்டிக்குள் தாவவும் தயங்கும். தாய்க்கோழியோடு வளரும் குஞ்சு சில வாரங்களிலேயே மேலே தாவிப் பழகிவிடுகிறது. விளக்கு வெப்பத்தில், கம்பே இல்லாத கூளத் தரையில் வளர்ந்த குஞ்சுக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. எனவே உங்கள் விடைகளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

கம்பு 4 முதல் 5 செ.மீ. பருமனில், விளிம்புகள் மழுங்கியதாக, ஆடாமல் இருக்க வேண்டும். கோழிக்கு 20 செ.மீ. என்று கணக்கிட்டால் 12 கோழிகளுக்கு ஏறத்தாழ 8 அடி தேவை. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு கம்பையும், அதற்குச் சற்று முன்பின்னாக, பெட்டிகளைவிட உயரமாக மற்றொன்றையும் படிபோல அமையுங்கள். கோழி இயல்பாகவே உயர்ந்த இடத்தைத் தேடி அடையும். பிற்பகலில் முட்டையிடல் முடிந்ததும் பெட்டிகளின் வாயை அட்டையாலோ சாக்காலோ மூடிவிடுங்கள். நன்றாக இருட்டிய பின், தரையில் படுத்திருக்கும் ஒவ்வொன்றையும் இரு கைகளாலும் மெதுவாகத் தூக்கிக் கம்பின்மேல் வையுங்கள். இருளில் கோழிக்குப் பார்வை மங்குவதால் அது கீழே இறங்க முயலாமல் அங்கேயே அமர்ந்துவிடும். இதை ஓரிரு வாரங்கள் ஒரு மாலையும் தவறாமல் செய்ய வேண்டும். இடையில் விட்டால் பழைய பழக்கம் திரும்பும். சில கோழிகள் தாமாக ஏறத் தொடங்கியதும் மற்றவையும் பின்தொடரும்.

பெட்டிகளை விடியுமுன் திறந்துவிடுங்கள், ஏனெனில் பெரும்பாலான முட்டைகள் காலையிலேயே இடப்படுகின்றன. நான்கைந்து கோழிகளுக்கு ஒன்று வீதம் மூன்று பெட்டிகள் போதும். ஓரடி நீள அகலத்தில், வெளிச்சம் குறைவான பக்கத்தில், வைக்கோல் சரியாமலிருக்க முன்புறம் 10 செ.மீ. தடுப்புடன் வையுங்கள். முட்டையிடப்போகும் கோழி இருண்ட, மறைவான இடத்தையே நாடும். உங்கள் கொட்டகையில் மூலைதான் அப்படி இருக்கிறது போலும். அம்மூலையில் வெளிச்சம் படச் செய்யுங்கள், அல்லது செங்கல் அடுக்கி அடைத்துவிடுங்கள். தரையில் கிடக்கும் முட்டை மற்றக் கோழிகளையும் அங்கே ஈர்ப்பதால் அதை உடனே எடுத்துவிட்டு, பெட்டிக்குள் மரத்தாலான போலி முட்டை ஒன்றை வையுங்கள். மூலையில் குந்தும் விடையை விரட்டாமல் தூக்கிப் பெட்டியில் விடுங்கள். மேய்ச்சலுக்குத் திறந்துவிடுவதைச் சில வாரங்களுக்குக் காலை 10 மணிக்குப் பின் தள்ளிவையுங்கள். இல்லாவிட்டால் புதர்மறைவு பழகிவிடும். மற்ற விடைகளின் கொண்டை சிவந்து, முதுகைத் தொட்டதும் அவை பதுங்கினால், முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. அதற்குள் பெட்டி ஆயத்தமாக இருக்கட்டும்.

நன்கு பழகிய கோழிகள் திடீரெனக் கம்பை வெறுத்தால் மீண்டும் பழக்க முயல வேண்டாம். இரவில் விளக்கோடு சென்று கம்பின் வெடிப்புகளிலும் முனைகளிலும் செள் இருக்கிறதா என்று பாருங்கள். பகலில் அங்கே ஒளிந்திருந்து இரவில் இரத்தம் உறிஞ்சும் இப்பூச்சி இருந்தால், கம்புகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, வெடிப்புகள் மூடும்படி சுண்ணாம்பு பூசிய பிறகே மீண்டும் பொருத்துங்கள்.