அலைன்மென்ட்டுக்கு முன்னால் ஆட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருந்து மதுரைக்கு மீன் ஏற்றும் பிக்அப் வைத்திருக்கிறேன். 5 வருட வண்டி, 1.5 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பள்ளத்தில் இறங்கினால் கிடுகிடுவென உதறுகிறது. பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுக்கிறது. முன்பக்க இடது டயர் உள்பக்கமாகத் தேய்கிறது. மூன்று தடவை அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை) பார்த்தும் சரியாகவில்லை. ஸ்டியரிங் பாக்ஸை (ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் கியர் பெட்டியை) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போது மாற்றாதீர்கள். ஆட்டம், உதறல், இழுப்பு மூன்றுக்கும் ஒரே மருந்து தேடுவதால்தான் உங்கள் காசு போகிறது. பாக்ஸ்தான் அதில் விலை கூடிய பொருள். அதைக் கடைசியில் சந்தேகப்படுவதுதான் முறை.

முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். குறுக்கே ஒரே கட்டையாக அச்சு ஓடி, அதன் இரு முனையிலும் பட்டை ஸ்பிரிங் கட்டியிருந்தால், அலைன்மென்ட் மெஷினில் டை ராடை (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பியை) திருகி இரண்டு சக்கரமும் உள்ளே பார்ப்பதையோ வெளியே பார்ப்பதையோ மட்டும்தான் திருத்த முடியும். சக்கரம் சாய்ந்து நிற்பதைத் திருத்த அதில் வழியே கிடையாது. உங்களுக்கு ஒரு டயர் மட்டும் உள்பக்கம் தேய்கிறது என்றால், அந்தச் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கிங் பின் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் செங்குத்து முளை) புஷ் தேய்ந்திருக்கலாம், வீல் பேரிங் லூஸாக இருக்கலாம், எங்காவது மோதி அச்சு வளைந்திருக்கலாம். இதை விட்டுவிட்டு முப்பது தடவை அலைன்மென்ட் பார்த்தாலும் டயர் தேயத்தான் செய்யும்.

ஆட்டத்தைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம், இரண்டு பேர் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் இன்ஜின் ஓடட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல் என்று விடாமல் ஆட்ட வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல மூட்டில் இரண்டு பக்கமும் ஒன்றாக அசையும். தேய்ந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்த பிறகுதான் மறுபக்கம் கிளம்பும். விரலில் 'டக்' என்று தெரியும். பாக்ஸில் இருந்து சக்கரம் வரை வரிசையாகப் பாருங்கள். பாக்ஸை சேஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகளை மறக்காதீர்கள். அவை தளர்ந்திருந்தாலும் பாக்ஸ் போய்விட்டது போலவே தோன்றும்.

அப்புறம் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். ஒரே கட்டை அச்சு இல்லாத வண்டியாக இருந்தால் கிங் பின்னுக்குப் பதில் பால் ஜாயிண்ட் (குண்டு மூட்டு). இடமும் வலமுமாக ஆடினால் டை ராடு எண்டு (டை ராடின் முனையில் உள்ள குண்டு மூட்டு) பக்கம் பாருங்கள். பள்ளத்தில் இறங்கியதும் வரும் உதறல் பெரும்பாலும் இந்த ஆட்டத்தோடு பேலன்ஸ் இல்லாத டயர், காற்றுக் குறைவு, தேய்ந்த பட்டை ஸ்பிரிங் புஷ் சேர்ந்து வருவது. உதறும்போது பதறிப்போய் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள்.

நம் கடற்கரையில் இந்த மூட்டுகள் சீக்கிரம் போவதற்குக் காரணம் இருக்கிறது. மீன் இறங்கும் இடத்தில் உப்புத் தண்ணீரிலும் மணலிலும்தான் வண்டி நிற்கிறது. டை ராடு எண்டின் ரப்பர் பூட்டில் (மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையில்) நகம் அளவுக்குக் கிழிசல் இருந்தால் போதும், உப்பும் மணலும் உள்ளே போய்விடும். தேவிபட்டினத்தில் இருந்து நண்டு ஏற்றும் ஒரு வண்டியில் அந்த ரப்பரைப் பிதுக்கினேன். கருப்பட்டிப் பாகு நிறத்தில் துருவும் மணலும் கலந்து வழிந்தது. அதற்குள் இருந்த குண்டு, உப்புத்தாளில் தேய்த்த மாதிரி சொரசொரவென்று இருந்தது. இன்னொன்று, பல ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிற கதைதான். வாரம் ஒரு தடவையாவது நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். பிரஷர் குழாயை ரப்பர் பூட்டுக்கு நேராகப் பிடிக்க வேண்டாம். கழுவிய பிறகு, நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் முனை) உள்ள இடங்களில் பழைய கிரீஸ் வெளியேறி புதிது எட்டிப்பார்க்கும் வரை அடியுங்கள். கழுவும் முன் கிரீஸ் அடித்தால் பலன் பாதிதான்.

பிரேக்கில் மட்டும் இழுப்பது பெரும்பாலும் ஸ்டியரிங் கோளாறு அல்ல. டிஸ்க் பிரேக் என்றால் வலது காலிப்பர் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) நகரும் முளை துருப்பிடித்து இறுகியிருக்கலாம். வலது சக்கரம் சரியாகப் பிடிக்காமல் போனால் வண்டி இடது பக்கம் திரும்பும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். சூட்டில் வித்தியாசம் இருந்தால் பிரேக் வேலைக்குக் கொடுங்கள்.

பாக்ஸின் மேல் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதை முறுக்கினால் ஆட்டம் போய்விடும் என்பார்கள். அதைச் செய்ய விடாதீர்கள். அதிகம் முறுக்கினால் வளைவில் திரும்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. தலைவலி போய் திருகுவலி வந்த கதையாகிவிடும். தேய்ந்த டை ராடு எண்டை அடித்து இறுக்குவது, வெல்டிங் வைப்பது இரண்டுக்கும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அது கழன்றால் சக்கரம் உங்கள் சொல்லைக் கேட்காது. புது எண்டு போட்டால் ஸ்பிளிட் பின்னும் (நட் கழலாமல் தடுக்கும் கம்பி முளையும்) புதிதாகவே இருக்கட்டும்.

சுமையையும் கவனியுங்கள். ஐஸ் பெட்டிகளை வண்டியின் பின்முனையில் அடுக்கினால் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் லேசாகிவிடும், ஸ்டியரிங் மிதக்கும். கனமானதை கேபின் பக்கம் ஏற்றுங்கள்.

தேய்ந்த பாகங்களை மாற்றி, காற்றுச் சரிபார்த்து, பேலன்சிங் முடித்த பிறகுதான் அலைன்மென்ட். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டி நிற்கும்போது முழு வேலையையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் டை ராடு எண்டிலோ கிங் பின்னிலோ ஆட்டம் தெரிந்தால் அதுவரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் பாம்பன் பாலத்தில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்; அங்கே காற்றே வண்டியைத் தள்ளும். காற்று அடங்கிய விடிகாலையில் உச்சிப்புளி பக்கம் நேர்ச்சாலையில் காலியாக ஒரு தடவை, சுமையோடு ஒரு தடவை ஓட்டுங்கள். சாலையின் சரிவால் கொஞ்சம் இடதுபக்கம் நகர்வது இயல்புதான். அதைச் சரிசெய்யப் போக வேண்டாம்.