சாரணர் முகாமும் பத்தாம் வகுப்பும்

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மகன் பத்தாவது படிக்கிறான். பள்ளிச் சாரணர் குழுவில் அணித் தலைவன். அரையாண்டு விடுமுறையில் ஏற்காட்டில் மூன்று நாள் முகாம். பொதுத்தேர்வு வரும் நேரத்தில் இது எதற்கு என்கிறார் என் கணவர். அமெரிக்காவில் இருக்கும் என் தங்கையின் மகன் டிமோலே என்ற அமைப்பில் இருக்கிறான். பதினேழு வயதில் கூட்டம் நடத்துகிறான், நற்பணிக்குப் பணம் திரட்டுகிறான். அந்த மாதிரி என்றால் சரி, சாரணர் என்றால் கயிறு முடிச்சும் அணிவகுப்பும்தானே என்று கேட்கிறார் என் கணவர். உங்கள் கருத்து என்ன?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

முகாமுக்கு அனுப்புங்கள். காரணத்தைச் சொல்கிறேன், உங்கள் கணவரும் படிக்கட்டும்.

முதலில் டிமோலே. பையன்களுக்கான இந்த அமைப்பு 1919-இல் கான்சாஸ் சிட்டியில் ஃபிராங்க் லேண்ட் என்பவர் தொடங்கியது. அவர் ஃப்ரீமேசன் என்ற பழைய சகோதரத்துவச் சங்கத்தின் உதவிப் பணிகளைக் கவனித்து வந்தவர். அப்பாவை இழந்த லூயிஸ் லோவர் என்ற பையன் அவரிடம் பகுதிநேர வேலைக்கு வந்தான். உன் நண்பர்களையும் அழைத்து வா என்றார் லேண்ட். அவனோடு சேர்த்து ஒன்பது பேர். அங்கிருந்துதான் எல்லாம் வளர்ந்தது. 1314-இல் பாரிஸில் எரித்துக் கொல்லப்பட்ட, டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவப் போர்வீரர் அமைப்பின் தலைவர் ஜாக் டி மோலேயின் பெயரை வைத்துக்கொண்டார்கள். இன்று 12 முதல் 21 வயது வரை சேரலாம். குறிப்பிட்ட மதம் எதுவும் கட்டாயமில்லை, ஆனால் இறைநம்பிக்கை வேண்டும். அவர்கள் போற்றும் ஏழு பண்புகளில் முதலாவது பெற்றோர் மீதான அன்பு. தேர்வைப் பற்றிக் கவலைப்படும் உங்கள் கணவருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அவர்கள் சடங்கில் புனித நூலுக்கும் கொடிக்கும் இணையாகப் பள்ளிப் புத்தகத்துக்கும் இடம் உண்டு.

உங்கள் தங்கை மகனை வளர்த்தது இந்தப் பெயரும் சடங்கும் மட்டுமல்ல என்று நினைக்கிறேன். அங்கே கூட்டத்தை நடத்துவது பையன்கள். தலைவர் முதல் எல்லாப் பொறுப்பும் அவர்களுடையது. பெரியவர்கள் ஆலோசகர்களாகப் பக்கத்தில் இருப்பார்கள். அதுதான் விஷயம்.

சாரணியத்தின் அடிப்படையும் அதுவேதான். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-இல் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே பையன்களைச் சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அவர்களில் ஒருவனைத் தலைவனாக்கினார். நம் பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950-இல் ஒன்றாக இணைந்தபோதும் அந்த அணிமுறை மாறவில்லை. ஒரு அணிக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர். முடிச்சு கற்பது கூடாரம் கட்டுவதற்கு. கட்டிய கூடாரம் ராத்திரிக் காற்றில் சாய்ந்தால் எழுப்பி நிறுத்த வேண்டியவன் அணித் தலைவன்.

ஏற்காட்டில் நான் போய்ப் பார்த்த ஒரு முகாமில், குளிரில் எல்லோருக்கும் பசி கூடிவிட, ஒரு அணிக்கு அரிசி போதவில்லை. சாரண ஆசிரியருக்கு அது மத்தியானமே தெரிந்திருந்தது. அவர் வாய் திறக்கவில்லை. அந்த அணித் தலைவனுக்குப் பதினான்கு வயது இருக்கும். கொஞ்ச நேரம் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் பக்கத்து அணியிடம் போய்க் கேட்டு வாங்கி வந்தான். பதிலுக்கு அவர்களுடைய பாத்திரத்தையும் தன் ஆட்களே கழுவுவார்கள் என்று பேசி முடித்திருந்தான். நாற்பது பேர் உட்காரும் வகுப்பறையில் இப்படி ஒரு சந்தர்ப்பம் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது கஷ்டம். நான் மதிப்பது அந்த ஆசிரியரின் பொறுமையைத்தான்.

ஆனால் உங்கள் கணவரின் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. பல பள்ளிகளில் சாரணர் என்றால் குடியரசு தினத்துக்கு வரிசையில் நிற்பதும், பேனர் பிடித்து ஏரிக்கரையில் நாலு பாட்டில் பொறுக்கிப் படம் எடுப்பதும்தான். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. ஆடிப் பண்டிகையில் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தைப் பாருங்கள். தண்ணீர் கொடுக்க, வழிதவறிய குழந்தையைத் தாயிடம் சேர்க்க, வயதானவர்களைக் கைபிடித்து அழைத்துப்போக எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் போதாது. யார் எங்கே நிற்பது, எத்தனை மணிக்கு ஆள் மாற்றுவது என்பதைப் பையன்களே உட்கார்ந்து தீர்மானித்தால் அதுதான் தொண்டு. சேர்வராயன் மலைக் கிராமங்களுக்குப் போனாலும் அப்படித்தான். என்ன வேண்டும் என்று முதலில் அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

அதனால் மகனிடம் கேளுங்கள்: முகாமில் சமையல் பட்டியல் போடுவது யார்? போன முறை ஏதாவது தவறிப்போனபோது யார் சரிசெய்தது? "சார்தான்" என்று எல்லாவற்றுக்கும் பதில் வந்தால், நீங்களே பள்ளிக்குப் போய்ச் சாரண ஆசிரியரிடம் பேசுங்கள். முகாமை நிறுத்தச் சொல்வதற்காக அல்ல, பையன்களிடம் பொறுப்பைக் கொடுக்கச் சொல்வதற்காக.

படிப்பைப் பற்றி: முகாமுக்குப் பிறகும் பொதுத்தேர்வுக்கு மாதங்கள் இருக்கின்றன. மூன்று நாளில் எந்தப் பாடமும் ஓடிவிடாது. திரும்பி வந்ததும் விட்டதைப் படிக்க ஒரு கால அட்டவணையை அவனே எழுதி அப்பாவிடம் காட்டட்டும். டிசம்பரில் மலைக் குளிர் கடுமையாக இருக்கும். ஸ்வெட்டரும் கம்பளியும் கட்டாயம். ஆனால் பையை நீங்கள் அடுக்க வேண்டாம், அவனே அடுக்கட்டும்.